ஸ்டார் கிளப், ஹாம்பர்க், 1964: இதில் என்ன அப்படி இருக்கிறது?

3 பிப்ரவரி 2023, இரவு

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பியானோப் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸின் இசைத்தட்டு ஒன்றைப் பற்றிய கேள்வி இது, வந்தபடியே போடுகிறேன்: "ஜெர்ரி லீ லூயிஸின் ஸ்டார் கிளப் தட்டைத்தான் ராக் அண்ட் ரோல் கச்சேரிப் பதிவுகளிலேயே உச்சம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பியானோ காதைப் பிளக்கிறது. வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடுகிறார்கள். பாதிப் பாட்டு மற்றவர்களுடையது. அவருடைய ஸ்டுடியோப் பதிவுகளே தேவலாம் போலிருக்கிறது. எனக்கு என்ன பிடிபடவில்லை?"

எல்லாம் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. அந்த மூன்றுக்காகத்தான் இருபது வருடமாக நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

3 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் திமிர் மாதிரி இருக்கிறது. விளக்கிவிடுகிறேன்.

நான் பதினோரு வருடம் நெல்லைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், எல்லாம் உண்டு. எங்களோடு ஒரு பாடகர் இருந்தார். ஒத்திகையில் பசு. மேடையில் முன்வரிசை ஆட்கள் நாலு பேர் விசிலடித்துவிட்டால் பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் வேகத்தை ஏற்றிவிடுவார். திரும்பியே பார்க்கமாட்டார். டிரம்ஸ்காரர் என்னைப் பார்ப்பார், நான் பேஸ் கிட்டாரைப் பார்ப்பேன், அவன் தரையைப் பார்ப்பான். தாளம் யார் கையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மேடையில் நிற்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். கீழே பெஞ்சில் நிற்கிறவனுக்கு அதுதான் கச்சேரி.

ஸ்டார் கிளப் தட்டில் முதல் பாட்டு 'மீன் வுமன் புளூஸ்' தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் எனக்கு அந்த வயிற்றுக் கலக்கல் வந்துவிடும். அன்றைக்கு லூயிஸுக்குப் பின்னால் வாசித்த நாஷ்வில்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். பாடகர் ஓடுகிறார், இவர்கள் துரத்துகிறார்கள். ஸ்டுடியோவில் இந்தத் துரத்தல் கிடைக்காது.

4 பிப்ரவரி, காலை

திருத்தம். தூக்கத்தில் எழுதிவிட்டேன், ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். குழுவின் பெயர்தான் நாஷ்வில் டீன்ஸ். ஊர் நாஷ்வில் இல்லை. இங்கிலாந்தில் சர்ரே பக்கத்துப் பையன்கள். சென்னைத் தெருவில் விற்கிற 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' மாதிரி. ஆனால் அல்வா மோசமில்லை. அதே 1964ல் 'டொபாக்கோ ரோடு' என்று ஒரு பாட்டைப் போட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடம்வரை போனார்கள்.

அவர்களிடம் நல்ல பியானோக்காரர் ஒருவர் இருந்தார், ஜான் ஹாக்கன். லூயிஸ் பியானோவில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு என்ன வேலை? பியானோக்காரன் என்ற முறையில் அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் நான் நினைப்பது லூயிஸை இல்லை, அவரைத்தான்.

4 பிப்ரவரி, மதியம்

அடிப்படைத் தகவல் கேட்டவர்களுக்கு. 1964 ஏப்ரல் 5. ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய சங்க்ட் பவுலி வட்டாரம், குரோசே ஃப்ரைஹைட் தெரு, 39ஆம் எண். மன்ஃப்ரெட் வைஸ்லெடர் 1962ல் தொடங்கி 1969 கடைசி நாள்வரை ஓடிய கிளப். மாலுமிகள், மாணவர்கள், தெருவில் வேலை பார்க்கிற பெண்கள், தடி எடுத்த காவலாட்கள் எல்லாம் கலந்த கூட்டம். தட்டை வெளியிட்டது பிலிப்ஸ். தயாரித்தவர் சிக்கி லோக், அப்போது வயது 23. பின்னாளில் ஆக்ட் (ACT) என்கிற ஜாஸ் கம்பெனியைத் தொடங்கினாரே, அவரேதான்.

அவர் செய்த வேலை ரொம்ப எளிமை. மைக்குகளை வாத்தியங்களுக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வைத்தார். கூட்டத்தின் சத்தத்துக்கு மேடைக்கு முன்னால் ஒன்று. முடிந்தது. பியானோ காதைப் பிளப்பதாக நீங்கள் சொன்னது இதனால்தான். கூட்டத்தில் இருந்தவன்கூட அந்தப் பியானோவை இப்படிக் கேட்டிருக்கமாட்டான். நாம் பியானோப் பெட்டிக்குள் தலையை விட்டுக் கேட்கிறோம். கட்டைகள் சுரமாகக் கேட்பதைவிட அடியாகக் கேட்கின்றன. இடது கை உலக்கை போடுகிறது. வலது கை திடீரென்று விரல் முதுகால் மேலிருந்து கீழே சரேலென்று இழுக்கிறது. கேட்டால் எங்கோ கண்ணாடி அலமாரி சரிந்த மாதிரி இருக்கும்.

5 பிப்ரவரி

'அவருடைய கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள், புரியும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிசியானாவில் ஃபெரிடே என்ற சிற்றூர். அப்பா எல்மோ நிலத்தை அடமானம் வைத்துப் பையனுக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தார். 1956ல் மெம்ஃபிஸ், சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோ. 1957ல் இரண்டு பாட்டு, உலகமே காலடியில். 1958 மே மாதம் இங்கிலாந்துப் பயணம். கூட வந்த சிறுமி யார் என்று விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்டார்கள். மனைவி. வயது 13. உறவுக்காரரின் மகள், அந்த உறவுக்காரர்தான் இவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர். இவருக்கு 22, முந்தைய விவாகரத்தும் ஒழுங்காக முடியவில்லை. மூன்று கச்சேரியோடு பயணத்தை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் இரவுக்குப் பத்தாயிரம் டாலர் வாங்கியவர் 250 டாலருக்குச் சாலையோரக் கடைகளில் வாசிக்க வேண்டியதாயிற்று.

அங்கே பத்திரிகைகள் 'உறவுக்காரப் பெண்' என்பதற்கே அலறின. நம் ஊரில் அந்தப் பகுதியைப் படித்தால் முறை சரியா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள். வயதுதான் விஷயம். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அதற்கு எந்த ஊர் முறையும் சமாதானம் இல்லை. இப்படிப்பட்ட ஆளின் பாட்டை எப்படிக் கேட்கிறாய் என்று மகள் என்னிடம் கேட்டாள். பதில் சொல்லவில்லை, வால்யூமைக் குறைத்தேன். இதுவரை யோசித்தும் அதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஆக, வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: அவமானப்பட்டு ஆறு வருடம் சாலையில் அலைந்த மனிதன், அந்த ஆத்திரத்தையெல்லாம் ஹாம்பர்க்கில் ஒரே இரவில் பியானோ மேல் இறக்கினான். நானும் அப்படித்தான் கேட்டுவந்தேன்.

7 பிப்ரவரி

'பாதிப் பாட்டு மற்றவர்களுடையது' என்ற குற்றச்சாட்டு. பாதிக்கும் மேலேயே. ரே சார்லஸின் 'வாட்டட் ஐ சே', லிட்டில் ரிச்சர்டின் 'குட் கோலி மிஸ் மாலி', 'லாங் டால் சாலி', கார்ல் பெர்கின்ஸின் 'மேட்ச்பாக்ஸ்', பாரெட் ஸ்ட்ராங்கின் 'மணி', எல்விஸ் ஊரெல்லாம் பரப்பிய 'ஹவுண்ட் டாக்'. நம் மெல்லிசைக் குழு எதையும் சொந்தமாகவா பாடியது? எடுத்த பாட்டை யார் எப்படித் திருப்பித் தருகிறார்கள் என்பதுதான் கணக்கு. லூயிஸ் யாருக்கும் திருப்பித் தருவதில்லை. எடுத்தால் எடுத்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 'மணி', 'மேட்ச்பாக்ஸ்', 'லாங் டால் சாலி' மூன்றும் பீட்டில்ஸ் பாடிப் பதிவு செய்தவை. இதே ஸ்டார் கிளப் மேடையில் 1962ல் நின்றவர்கள் அவர்கள். லூயிஸ் இங்கே வாசித்ததற்கு முந்தின நாள் தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1964 ஏப்ரல் 4. முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸ். ஐந்துமே. இந்த மனிதர் அதற்கு அடுத்த நாள், அவர்கள் விட்டுப்போன மேடையில், அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இந்தத் தட்டின் நடுமையம் ஆட்டப் பாட்டு எதுவுமில்லை. ஹாங்க் வில்லியம்ஸின் 'யுவர் சீட்டிங் ஹார்ட்'. சுற்றிலும் 'ஜெர்ரி, ஜெர்ரி' என்று கத்துகிற கூட்டம். அதன் நடுவில் ஒரு நாட்டுப்புற அழுகைப் பாட்டை எடுக்கிறார். நல்ல பாடகனுக்கு எங்கே இடைவெளி விட வேண்டும் என்று தெரியும். கூட்டம் கொதிக்கும்போது வேகம் கூட்டுவது யாருக்கும் வரும், குறைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். நாலு வருடம் கழித்து, 1968ல், 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' மூலம் கண்ட்ரி என்கிற அந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகராகத்தான் அவர் மறுபடி எழுந்தார். அதற்கான சீட்டு இங்கேயே கையில் இருந்திருக்கிறது.

8 பிப்ரவரி

பீட்டில்ஸை இழுக்காமல் ஒரு பதிவு எழுத முடியாதா என்று கேட்ட அண்ணனுக்கு: முயற்சி செய்கிறேன்.

12 பிப்ரவரி

ஐந்தாம் தேதி எழுதியதில் இப்போது சந்தேகம்.

அவமானப்பட்டவனின் ஆத்திரம் என்ற கதை ரொம்ப வசதியாக இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துழைக்கவில்லை. 1962லேயே அவர் மறுபடி இங்கிலாந்து போய்விட்டார். மூன்று வயது மகன் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த சில நாட்களிலேயே போனார், அது தனித் துயரம். துரத்திய அதே நாட்டில் ரசிகர்கள் கொண்டாடி வரவேற்றார்கள். அதற்குப் பிறகும் வந்துபோய்க்கொண்டிருந்தார். அமெரிக்காவில்தான் வானொலிகள் சீண்டவில்லை. ஆக 1964ல் ஹாம்பர்க்கில் உட்கார்ந்தவர் ஐரோப்பாவில் கைவிடப்பட்டவர் இல்லை. தன்னைப் பார்க்கவே கூட்டம் வந்திருக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்த ஆள்.

நேற்று இரவு கதையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். 'வாட்டட் ஐ சே' இரண்டு பகுதியாக நீள்கிறது, கூட்டத்தைப் பதில் பாட வைக்கிறார். அதில் கோபம் எங்கே? கடைசிப் பாட்டு 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயிங் ஆன்'. நடுவில் சத்தத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பேசிக்கொண்டே போகிறார். பூனை எலியை வைத்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூனைக்கு எலிமேல் கோபமா என்ன?

ஆத்திரம் என்னுடையதாக இருந்திருக்கலாம். இந்தத் தட்டை நண்பன் சிடியில் எரித்துக் கொடுத்த வருடம்தான் எங்கள் குழு உடைந்தது. பணத் தகராறு, யாரென்று சொல்ல விருப்பமில்லை. கீபோர்டை உறை போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு ஹெட்போனில் ராத்திரி ராத்திரியாக இதைக் கேட்டேன். எனக்கு அப்போது கட்டைகளைக் குத்துகிற ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்.

13 பிப்ரவரி

இல்லை, முழுவதும் அப்படியும் இல்லை. 'ஹை ஸ்கூல் கான்ஃபிடென்ஷியல்' மறுபடி கேட்டேன். கோபம் இருக்கிறது. கொஞ்சம்.

14 பிப்ரவரி

ஒப்பிட ஒரு தட்டு சொல்லச் சொன்னார்கள். தூரமே போக வேண்டாம். அதே வருடம் ஜூலை 1, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகர அரங்கில் லூயிஸ் வாசித்ததை ஸ்மாஷ் கம்பெனி பதிவு செய்து 'உலகின் தலைசிறந்த நேரடிக் கச்சேரி' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து வெளியிட்டது. நல்ல தட்டு. ஆள் அதே ஆள், கை அதே கை, இடையில் மூன்று மாதம்கூட இல்லை. ஆனாலும் அதில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஹாம்பர்க்கில் மேடையில் நிற்கிறேன். இதற்கு சிக்கி லோக் மைக் வைத்த இடத்தைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மேதைமை, ஆத்திரம், ஆன்மா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எங்கள் ஊர் மைக் செட்காரர் கேட்டால் சிரிப்பார்.

சாம் குக் மயாமியில் ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில் பாடியதையும் கேளுங்கள். 1963 ஜனவரியில் பதிந்து, 1985வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அவர் இறந்தே இருபது வருடம் ஆகிவிட்டது அப்போது. ஸ்டார் கிளப் தட்டின் விதியும் கிட்டத்தட்ட அதுதான். ஒப்பந்தச் சிக்கலால் அமெரிக்காவில் பல காலம் வெளிவரவேயில்லை. 1992ல் ரைனோ கம்பெனி சிடியாகப் போட்டபோதுதான் அவருடைய சொந்த நாட்டுக்காரர்கள் பலருக்குக் கிடைத்தது.

19 பிப்ரவரி

ஹாம்பர்க் போயிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு. போயிருக்கிறேன். 2016ல் வேலை விஷயமாக நாலு நாள். ஒரு மாலை நழுவி அந்தத் தெருவுக்குப் போனேன். கிளப் இல்லை. எண்பதுகளில் தீப்பிடித்துக் கட்டடம் போய்விட்டது. உள்முற்றத்தில் ஒரு கறுப்புக் கல், அங்கே வாசித்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

என்னை ஆச்சரியப்படுத்தியது கல் இல்லை, மாதா கோயில். அதே தெருவில் சில அடி தள்ளி, ஆட்டக்காரிகளின் விளம்பர விளக்குகளுக்கு நடுவே, புனித யோசேப்பு கத்தோலிக்க தேவாலயம். ஆடிப்பாடும் கடைகளும் கோயிலும் ஒரே சுவர் வரிசையில். லூயிஸுக்கு இதைவிடப் பொருத்தமான தெரு அமையாது. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். டெக்சாஸில் வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், அங்கே பக்திப் பாட்டை பூகி என்கிற துள்ளலான ஆட்ட நடையில் வாசித்ததற்காக வெளியே அனுப்பினார்கள். தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட் இவருடைய உறவுக்காரச் சகோதரர், பியானோவில் அவருக்கும் இதே கை. 1957ல் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பதிவின்போது, இது சாத்தானின் பாட்டு என்று சாம் ஃபிலிப்ஸோடு வாதாடினார். டேப் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த வாக்குவாதம் இன்றும் இருக்கிறது. நரகத்துக்குப் போவோம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடியவர். நாம் கேட்பது வெறும் கொண்டாட்டம் என்றால் அதில் இவ்வளவு பயம் ஒளிந்திருக்காது.

ஆத்திரமும் இல்லை, விளையாட்டும் இல்லை, பயம் என்கிறேனா இப்போது? தெரியவில்லை. மூன்றாவது தடவை மாற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

20 பிப்ரவரி

அங்கே சாப்பிட்ட மீன் ரொட்டியைப் பற்றி எழுதச் சொல்பவர்கள் தனி இழை தொடங்கவும்.

26 பிப்ரவரி

எந்தப் பதிப்பை வாங்குவது? பேர் ஃபேமிலி (Bear Family) கம்பெனியின் சிடி. பழைய தட்டில் 13 பாட்டுதான், 'டவுன் த லைன்' இருக்காது. தொடக்கத்தில் ஒலிக்கோளாறு என்று விட்டுவிட்டார்கள். இதில் சேர்த்திருக்கிறார்கள். கோளாறோடு கேட்கலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை. தொலைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'ஒரே இரைச்சல்' என்று எழுதாதீர்கள். இழையைத் தொடங்கியவரைச் சொல்லவில்லை. அவரைத்தான் சொல்கிறேன்.

5 மார்ச்

ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய டிரம்ஸ்காரர் அண்ணாச்சி இப்போது மைக் செட் வாடகைக் கடை வைத்திருக்கிறார். இந்த இழையை எழுதியதிலிருந்து அவர் ஞாபகமாகவே இருந்ததால் பென் டிரைவில் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் இருந்த இரண்டு பெரிய பெட்டிகளில் போட்டார். டீ ஆறியது. ஆங்கிலப் பாட்டே கேட்காத மனிதர், கண்ணை மூடி முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டு நாலு பாட்டு கேட்டார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த டிரம்ஸ் பையன் பேரி ஜென்கின்ஸ் என்றும், பிற்பாடு அனிமல்ஸ் என்ற பெரிய குழுவுக்குப் போனார் என்றும் சொன்னேன். "போவான், நல்லாத்தான் அடிக்கான்" என்றார். பாடகர் எப்படி ஓடுகிறார் பாருங்கள், நம்ம ஆள் மாதிரியே, என்றேன்.

கண்ணைத் திறந்தார். "இவன் எங்க ஓடுதான்? எடது கையக் கேளு. ஆணி அடிச்ச மாதிரி நிக்கி. பயத்துல ஓடுதது மத்தவனுவ."

மறுபடி முதலிலிருந்து போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை.

"அன்னைக்கும் அவரு ஓடலடே. விசில் சத்தம் கேட்டதும் நீதான் ஓடுவ. நானும் உன்னப் பிடிக்க ஓடுவேன்."

வீட்டுக்கு வந்து இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கேட்டுவிட்டேன். 'மீன் வுமன் புளூஸ்' விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது சரி. 'லாங் டால் சாலி' பற்றி இன்னும் ஒத்துக்கொள்வதாக இல்லை. எங்கள் பாடகர் விஷயத்தை விடுங்கள், அதற்கு டேப் எதுவும் இல்லை.